பட்டர் பூசிய பின்னல் பாண்

என் குசினியில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் சின்னத் தூரிகை ஒன்று தொங்குகிறது. இரண்டு விரல் அகலம். மரக் கைப்பிடியின் நுனி எப்போதோ நெருப்பில் பட்டுக் கருகியிருக்கிறது. மயிர் பாதி கொட்டிவிட்டது. "உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு வாங்கினால் என்ன?" என்று என் வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறை கேட்பார். நான் காது கேளாதவள் மாதிரி இருந்துவிடுவேன். போன வியாழக்கிழமை அந்தத் தூரிகையால் முட்டை பூசி, பலேர்மோ நகரில் சீசா என்கிற பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் முதல் தடவையாகப் பின்னல் பாண் சுட்டேன். நாலு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் சுட்ட அதே பாண்தான். ஆனால் அதெல்லாம் வேறொருவருடைய அடுப்பில். பாண் சுடுகிற எங்கள் அடுப்புப் பெட்டிக்குள் இவ்வளவு காலமும் தாச்சிகளும் தட்டங்களும்தான் குடியிருந்தன. அவற்றை வெளியே எடுத்து அடுக்கவே அரை மணித்தியாலம் போய்விட்டது.

அந்த மற்ற அடுப்பு, நான் வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவுடையது, அதாவது எசமானியம்மாவுடையது. துறைமுகத்தைப் பார்த்த நாலாம் மாடி வீடு. பல்கனியில் நின்றால் ஜெனோவாவிலிருந்து வருகிற கப்பலின் பெயரைக்கூட வாசிக்கலாம். சிஞ்ஞோரா லிவோர்னோவில் பிறந்து, கலியாணம் முடித்துப் பலேர்மோவுக்கு வந்த யூதப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் வேலைக்குப் போனபோது கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மற்ற வீடுகளில் முதல் நாளே நாங்கள் 'நீ' ஆகிவிடுவோம். இவருக்கு நான் கடைசிவரை 'நீங்கள்'தான். திட்டினாலும் 'நீங்கள்' போட்டுத்தான் திட்டுவார், அது இன்னும் கூடச் சுடும். அவர் பேசியது பாடப்புத்தக இத்தாலியன் என்பதால் அவர் சொன்னவற்றை எழுத்துத் தமிழில் எழுதுகிறேன். என்னுடையது சந்தையிலும் பேருந்திலும் பொறுக்கிய இத்தாலியன். அதை நான் பிறந்த தீவின் தமிழ்ப் பேச்சில் எழுதினால்தான் நியாயம்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னர் சிஞ்ஞோரா இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார். மேசையில் இரண்டு பாணை வெள்ளைத் துணியால் மூடி வைப்பார். அவர்களுடைய ஓய்வுநாள் அந்த மாலையில்தான் தொடங்குகிறது. அதற்கென்று பின்னல் போட்டுச் சுடுகிற 'ஹல்லா' என்ற பாண் இருக்கிறதாம். நாங்கள் அறிய அதை விற்கிற கடை பலேர்மோவில் இருக்கவில்லை. ஆகவே கீழேயுள்ள பேக்கரியில் எள்ளுப் போட்ட சாதாரண பாணை வாங்கி மூடி வைப்போம். தங்கள் சட்டங்களில் பாதியை இந்த ஊரில் கடைப்பிடிக்க வழியில்லை என்று அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஒன்றை மட்டும் விடவில்லை. இறைச்சி வைக்கிற மேசைக்குப் பாலும் பாலில் செய்ததும் வரக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு அதைச் சொல்லித்தந்தார். இறைச்சி உருண்டைக்கு மேல் சீஸ் தூவக்கூடாது என்று நானும் நன்றாகவே மனதில் வைத்திருந்தேன்.

பிறகு மறதி தொடங்கியது. இரண்டு தடவை காஸ் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். ஒருநாள் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் பேருந்தில் போனவர், திரும்பி வரும் வழி தெரியாமல் நின்று எனக்குப் போன் எடுத்தார். ஜெனோவாவில் இருக்கிற மகளுக்கு இதெல்லாம் தெரியவந்ததும், தாயைத் தன்னுடன் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தார். விமானத்தில் வந்தால் போதும்தான். ஆனால் மகள் காரோடு கப்பலில் வருவதாகச் சொன்னார், திரும்பும்போது தாயையும் சாமானையும் ஏற்ற வெறும் காரோடு. கண்ணாடிச் சாமான்களைக் கடதாசியில் சுற்றி வைக்கும்படி எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். ஒரு கிளாஸையும் தொடக்கூடாது என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். அந்த வீட்டை விட்டுப் போனால் தான் சீக்கிரம் செத்துவிடுவேன் என்று அழாமல், வெயில் மழை பற்றிச் சொல்வதுபோல ஒருநாள் சொன்னார். நான் உண்மையையே சொல்கிறேன், எனக்கு என் பெர்மெஸ்ஸோவும் மனதில் இருந்தது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்த வேலை ஒப்பந்தம் தேவை. ஆனால் அன்று அதைவிட, அந்த மனுசி தன் பல்கனியிலேயே இருக்கவேண்டும் என்றுதான் நான் விரும்பினேன்.

"என் மகள் வரும்போது மேசையில் உண்மையான ஹல்லா இருக்கவேண்டும்" என்றார் சிஞ்ஞோரா. "பாண் சுடுகிறவளை யாரும் மூட்டை கட்டி ஏற்ற மாட்டார்கள்."

"நீங்கள் முந்திச் செய்திருக்கிறியளோ, சிஞ்ஞோரா?"

"இல்லை. நீங்கள்?"

"நான் பாணை வெட்டித்தான் இருக்கிறன்."

இப்படி, பாண் சுடத் தெரியாத இரண்டு பேரும் மகள் வருகிற நாளான, எங்கள் கத்தோலிக்கத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில் மாவும் முட்டையும் எண்ணெயும் ஈஸ்ட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றோம். லிவோர்னோவில் இருந்த தமக்கை பல வருடங்களுக்கு முன்னர் எழுதி அனுப்பிய செய்முறை ஒன்று சிஞ்ஞோராவிடம் இருந்தது. நான் குழைத்தேன், அவர் கடிகாரம் பார்த்தார். மா பொங்கி வந்தபோது கதிரையிலிருந்து எழும்பிக் கை தட்டினார். நானும் தட்டினேன். அதுவரை அது பொங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நம்பிக்கை இருக்கவில்லை.

பின்னலுக்குச் சிஞ்ஞோரா முதல் நாளே ஆயத்தமாகியிருந்தார். ஆறு கோடு கீறி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, 'ஆறாவது ஒன்றுக்கு மேலால், இரண்டாவது ஆறுக்கு மேலால்' என்று ஒரு பக்கம் நிறைய எழுதிவைத்திருந்தார். அவர் வாசிக்க வாசிக்க நான் மாவைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். மூன்றாவது வரியில் எது ஆறு எது இரண்டு என்று அவருக்கே தெரியவில்லை. விரல் ஒரே வரியில் திரும்பத் திரும்பப் போய்வந்தது. முகம் சுருங்கிப்போனது. மகள் போனில் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அவர் அந்த இடத்தில் நினைத்திருக்கவேண்டும்.

"சிஞ்ஞோரா, எனக்கு வீட்டிலை ரெண்டு பெட்டையள். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு நாலு பின்னல் போடுறன். நீங்கள் அந்தக் கடதாசியை வைச்சிட்டு இருங்கோ" என்று சொல்லி, உருட்டி வைத்த ஆறு மாத் திரியையும் மூன்று மூன்றாகப் பிரித்து, என் சின்னவளின் தலையைப் பின்னுகிற வேகத்தில் இரண்டு பாணாகப் பின்னி முடித்தேன். தலை ஆட்டாமல், 'நோகுது அம்மா' என்று கத்தாமல் ஒரு பின்னல் போட்டது என் வாழ்க்கையில் அன்றுதான். சிஞ்ஞோரா கிட்ட வந்து பார்த்து, "விடை சரி, வழிமுறை வேறு" என்றார். பிறகு இந்தத் தூரிகையை எடுத்துத் தன் கையாலேயே முட்டை பூசினார்.

கோழி ஒரு பக்கம் உருளைக்கிழங்குடன் வெந்துகொண்டிருந்தது. பாண் அடுப்புக்குள் போனது. சிஞ்ஞோரா உடுப்பு மாற்ற அறைக்குப் போனார். பல்கனிப் பக்கம் பார்த்தேன், மகள் வருகிற கப்பல் துறைமுக வாசலுக்கு வந்துவிட்டது. அவசரமாகப் பாணை வெளியே எடுத்தேன். நல்ல பொன்னிறம். ஆனால் எங்கள் ஊர்ச் சந்திப் பேக்கரியில் போறணையிலிருந்து இழுத்த உடனேயே இனிப்புப் பணிசுக்கு மேல் மாஜரின் தடவுவார்கள், அந்த மினுமினுப்புக்குத்தான் நாங்கள் சின்னதில் வரிசையில் நிற்போம். சிஞ்ஞோராவின் மகள் கண்ணை மூடாமல் பார்க்கவேண்டும் என்று எனக்குள் ஒரு பெருமை கிளம்பிவிட்டது. குளிர்ப்பெட்டியைத் திறந்து, காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பட்டரை எடுத்து, கொதிக்கிற பாணுக்கு மேல் இதே தூரிகையால் தாராளமாகப் பூசினேன். அது பாலில் செய்ததென்ற யோசனையே வரவில்லை. இறைச்சிக்கு மேல் சீஸ் தூவக்கூடாது என்றுதானே நான் படித்தது! பாண் என்னைப் பொறுத்தவரை பாண்.

சிஞ்ஞோரா நீல உடுப்புடன் வந்து, மூக்கை உயர்த்தி, அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன வாசம்?"

"பட்டர் பூசினனான், சிஞ்ஞோரா. வடிவாய் மினுங்குது, பாருங்கோ."

அவர் கோழிச் சட்டியைப் பார்த்தார், பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. துடைத்துவிடலாமா என்று கேட்டேன். "உள்ளே போனதை எப்படித் துடைப்பீர்கள்?" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. மன்னிப்புக் கேட்டு அழுகிற அளவுக்கு இத்தாலியன் எனக்குத் தெரியாது. தமிழில் அழுதேன்.

சிஞ்ஞோரா கதிரையில் இருந்து கண்ணை மூடினார். கணக்கு வாத்தியாரம்மா அப்படித்தான் யோசிப்பார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "இன்று வெள்ளிக்கிழமை, உங்கள் தவக்காலம். நீங்கள் இன்று இறைச்சி சாப்பிட மாட்டீர்கள். காலையில் சந்தையில் மீன் வாங்கி வந்து என் குளிர்ப்பெட்டியில் வைத்தீர்கள். என்ன மீன்?" என்று கேட்டார்.

"மத்தி, சிஞ்ஞோரா. ஒரு கிலோ."

"மீன் இறைச்சி அல்ல. மீனுடன் இந்தப் பாணைச் சாப்பிடலாம். உங்கள் மீனை எனக்குத் தாருங்கள், என் கோழியை நீங்கள் கொண்டுபோங்கள்."

"நாங்கள் இண்டைக்குக் கோழி தின்னக்கூடாதே. சுத்தபோசனம்."

"நாளை சாப்பிடுங்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக் கொடுங்கள். கப்பல் கட்டி, கார் இறங்கி, படி ஏறி வர நாற்பது நிமிடம். மீனைக் கழுவுங்கள்."

நான் கழுவினேன், அவர் எலுமிச்சம்பழம் வெட்டினார். கோழிச் சட்டி துணியால் கட்டப்பட்டு என் பைக்குள் போனது. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எந்தத் தட்டம் எடுக்கவேண்டும், எது முதல் எது பிறகு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. காஸையும் அவரே அணைத்தார்.

மகள் வந்தார், தாயைக் கட்டிப்பிடித்தார், சுற்றாமல் இருந்த கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து என்னை முறைத்தார். மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொல்லி, துணியை நீக்கியபோது பின்னல் பாண் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. மகள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மம்மா, கோழி என்று சொன்னீர்களே?"

"பாணில் பட்டர் இருக்கிறது. ஆகவே மீன்."

"யார் பட்டர் பூசியது?"

"பூசப்பட்டது" என்றார் சிஞ்ஞோரா, மத்தியின் முள்ளை எடுத்தபடி.

நான் தட்டங்களைத் துடைத்துக்கொண்டு நின்றபோது மகள் குசினிக்கு வந்தார். சாப்பாட்டை மாற்றினது யார் என்று மெல்லிய குரலில் கேட்டார். பட்டர் நான் பூசினது, மிச்சமெல்லாம் அம்மா என்று சொன்னேன். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார். "உங்கடை கப்பல் கட்டுறதுக்குள்ளை" என்றேன். மகள் கதவோரம் நின்று, மேசையில் இருந்த தாயையே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காரில் ஒரு பெட்டி எலுமிச்சம்பழத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாக ஜெனோவாவுக்குத் திரும்பினார். நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால், கோழியும் பாணும் அமைதியாக முடிந்து, சிஞ்ஞோராவும் அந்தக் காரில் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாலு வருடம், ஒவ்வொரு வெள்ளியும் பின்னினோம். நான் பாணை வெளியே எடுக்கும் நேரம் சிஞ்ஞோரா பட்டர்க் கிண்ணத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். "இன்று ஆபத்து இல்லை" என்பார். போன வருடம் மறதி முற்றி, இரவு பகல் தெரியாமல் போனபோது மகள் வந்து கூட்டிப்போனார். அந்தத் தடவை கண்ணாடிச் சாமான்களை நான்தான் சுற்றிக் கட்டினேன். சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டிருந்தார். தூரிகையை மகள் எனக்குத் தந்தார். நான் மாதம் ஒருமுறை போன் எடுப்பேன். 'யார் பேசுவது, எந்த அலுவலகம்?' என்று மரியாதையாகக் கேட்பார்.

எங்கள் கோயில் பங்கிலிருந்து ஒரு அக்கா போன வியாழன் கப்பலில் ஜெனோவாவுக்குப் போவதாகச் சொன்னார். அதனால்தான் வீட்டு அடுப்பைத் திறந்தேன். மூத்தவள் ஒன்றைப் பின்னினாள், மற்றதை நான் பின்னினேன். சின்னவள் பட்டர் பூசச் சொல்லி அடம்பிடித்தாள். கூடாது என்று அதட்டிவிட்டு, முட்டை மட்டும் பூசி, துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வரும்போது மகளின் குரல் பதிவு ஒன்று போனில் வந்திருந்தது. கோயில் வாசலிலேயே நின்று கேட்டேன். கரண்டிச் சத்தம், 'மம்மா, இது பலேர்மோவிலிருந்து வந்த பாண்' என்று மகள் சொல்வது, பிறகு நீண்ட நேரம் மெல்லுகிற சத்தம். அதற்குப் பிறகு சிஞ்ஞோராவின் குரல், வகுப்பில் பிழை கண்டுபிடித்த அதே குரல்:

"பட்டர் எங்கே? அவர் எப்போதும் பூசிவிடுவாரே."

எப்போதுமோ? ஒரே ஒரு தடவைதானே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து தூரிகையை எடுத்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் வைத்தேன். பிறகு மகளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன்: வாற வெள்ளிக்கிழமை மீன் சமையுங்கோ.