ஒரு மணித்தியாலத்தில் கிடைத்த வேஸ்னா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஏப்ரல் காலை ஏழு இருபதுக்கு எங்கள் மகள் பிறந்தாள். பிரசவ அறைக் கடிகாரத்தைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். மனைவியின் கையைப் பிடித்திருந்த தாதி யூகோஸ்லாவியாக்காரர். தங்கள் ஊரில் இளவேனிலில் பிறந்த பெண்ணுக்கு வேஸ்னா என்று பெயர் வைப்பதுண்டு என்றார். மனைவி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் முதலெழுத்தை நட்சத்திரம் அல்லவா சொல்லவேண்டும்? நகரின் தென்கோடிப் பகுதியான சட்டனில் இருந்த மனைவியின் அண்ணன் பஞ்சாங்கம் பார்ப்பவர். நான் கொடுத்த நேரத்தை வைத்துக் கணித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"மிருகசீரிடம், இரண்டாம் பாதம். எழுத்து வோ."

"வோவில என்ன பேர் அண்ணை இருக்கு? வோட்கா எண்டு வைக்கவோ?"

"நட்சத்திரத்தோட சண்டை பிடிக்க ஏலாது, தங்கச்சி."

முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவன்று, தாய்மாமன் காதில் சொல்லிப் பெயர் சூட்டவேண்டும். மனைவி தொட்டிலைக் குனிந்து பார்க்கும்போது மட்டும் வேஸ்னா என்று மெல்லக் கூப்பிடுவாள். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் நாட்குறிப்பைப் புரட்டினேன். மகள் பிறப்பதற்குச் சில பக்கங்கள் முன்பு, மார்ச் கடைசி ஞாயிறில், என் கையெழுத்து: 'கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளியாயிற்று.' இந்த நாட்டில் கோடை முடியும்வரை எல்லாக் கடிகாரங்களும் அப்படித்தான் ஓடும். உடனே சட்டனுக்குத் தொலைபேசினேன்.

"மச்சான், ஒரு மணித்தியாலம் கழிச்சனீங்களோ?"

"ஏன் கழிக்கவேணும்?"

"கோடை நேரமெல்லோ."

தாள் புரளும் ஓசை வெகுநேரம் கேட்டது. "ஆறு இருபது… முதலாம் பாதம். எழுத்து வே." பிறகு குரலை உயர்த்தினார். "அதுக்காக, கருத்துத் தெரியாத பேரை நான் பிள்ளையின்ர காதில சொல்லமாட்டன்."

அதையும் எங்கள் பகுதியான ஈலிங்கின் நூலகத்தில் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்; சொன்னேன். வசந்த காலத்துக்கு ஸ்லாவியர்களின் பழஞ்சொல் அது. ரஷ்யர்கள் இன்றும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்கிறார்கள். சமஸ்கிருத 'வசந்த'வும் அதே வேரில் கிளைத்ததாம்.

"அப்ப எங்கட வசந்தா எண்ட பேருக்கு ஒண்டுவிட்ட அக்கா எண்டு சொல்லுங்கோ!" என்றார் மச்சான்.

முப்பத்தோராம் நாள் மகளின் காதில் மூன்று முறை வேஸ்னா என்று சொன்னவர் அவர்தான். மனைவி அழுதபடியே சிரித்தாள். அவர் முகம்தான் சரியில்லை.

"என்ர மூத்தவன் ஜூலையில பிறந்தவன்," என்றார். "இங்கதான். அவனுக்கும் நான் கழிக்கேல்லை."

"ஒன்பது வயசாச்சு. விடுங்கோ," என்றாள் மனைவி. "நட்சத்திரத்தோட சண்டை பிடிக்க ஏலாது, அண்ணை."