கடைமடைக்கு முதல் தண்ணீர்

பக்கவாதத்தில் என் மனைவியின் வலது கை விழுந்துவிட்டது. ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சியை நான்கு நாளில் விட்டாள். கடலை பொறுக்கும் பயிற்சியை இரண்டே நாளில். எங்கள் மேலகரம் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண், "வலது விரலால மட்டும் விளையாடுங்க ஆச்சி" என்று டேப்லெட்டில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். வயல் வைத்து ஓர் ஊரைப் பட்டினியில்லாமல் காக்க வேண்டும். அதை மட்டும் அவள் விடவில்லை.

அதன் பாசன விதி எளிது. ஒரு வயலுக்கு ஒரு பங்கு தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக, ஆற்றிலிருந்து இடையிலுள்ள வயல்கள் வழியாகப் போகும். ஒரு வயலைக் கடக்கும்போது ஒரு பங்கு வீணாகும். எங்களுக்கு ஒன்பது வயல். மழை குறைந்த சுற்றில் ஆறு தருவது பத்துப் பங்கு. ஆற்றோரத்திலிருந்து திறந்தால் நான்கு வயல் விளையும். கடைசியிலிருந்து திறந்தால் அந்த ஒரு வயலுக்கே ஒன்பது பங்கு போய்விடும், அடுத்ததற்குப் போதாது.

அவள் பிறந்த வீட்டு வயல் வாசுதேவநல்லூரில், குளத்துக் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருந்தது. அதனால் எப்போதும் கடைசி வயலுக்கே முதலில் திறப்பாள்.

"ஏட்டி, களஞ்சியத்துல நாப்பது மூட்டைதான் கெடக்கு. மேல தெற."

"மேல உள்ளவனுக்கு எப்பவும் கெடைக்கும். கடைசில கெடக்கவன் என்ன செய்வான்?"

"அவன் பொம்மைட்டி!"

"பொம்மைக்கு வயிறு இல்லையாக்கும். நீங்க மூட்டைய எண்ணுங்க."

எண்ணினேன். நாற்பது இருபத்தெட்டாகி, பதினாறாகி, நான்கானது. சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் திரையில் ஒரு சொட்டு மழை இல்லை. ஊர் அழிந்தால் "போதும்" என்பாள். கை மறுபடி மடியில் கிடக்கும். முதல் சில மாதங்களில் திரும்பாதது பிறகு திரும்புவது கஷ்டம் என்று தென்காசி டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் போய்விட்டது.

மக்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று திரையில் எழுத்து வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஊரு போச்சா?" என்றாள்.

"போச்சு."

"இவ்வளவு கணக்குப் பாக்கிய, முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"நூறு தடவ சொன்னேன்."

"நாலு தடவ. நானும் எண்ணுதேன்." இடது கையால் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள். "புதுசா போடுங்க. இந்தத் தடவ கடைசில ஒரு கெணறு வெட்டிருவோம்."

கிணற்றுக்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். ஆனால் அதை வெட்ட, திரையில் ஒரு வட்டம் நிறையும்வரை விரலை எடுக்காமல் அழுத்த வேண்டும். எடுத்தால் மண் சரிந்துவிடும். இதுவரை அவள் தொட்டு எடுத்திருக்கிறாளே தவிர, அழுத்திப் பிடித்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விரலை வைத்துவிட்டாள். கால் வட்டம் நிறைந்தது. அரை வட்டத்தில் விரல் நடுங்கியது. முக்கால் வரும் முன்னே நழுவியது. மண் சரிந்தது.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"கை நிக்க மாட்டேங்கு. முழங்கைக்கு ஒரு தலகாணி முட்டுக் குடுங்க, இன்னொருக்கா பாப்போம்" என்றாள்.

இரண்டு தலையணை கொண்டுவந்தேன்.