குப்பியில் போட்ட கோடு

நாக்கின் கசப்பு உணர்விகளைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று எங்கள் திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு வந்தது. ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும். ஆனால் கசப்பு உணர்வியே இல்லாத செல்களும் எனக்குப் பச்சையாகவே ஒளிர்ந்தன. அந்தச் செல்களை வளர்த்துக் கொடுத்தவள் கோமதி. இதே ஊரின் வலியசாலைக்காரி, அவள் தமிழில் மலையாளம் கலந்து வரும். நான் காத்திருந்த அதே பதவிக்கு அவளும் காத்திருந்தாள்.

என் வேலையைக் கெடுக்க எதையோ கலக்கிறாள் என்று முடிவுகட்டினேன். குப்பியில் ஆன்டிபாடி நின்ற மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன். அவள் கை படாமல் நானே செல்களை வளர்த்தேன். அவையும் ஒளிர்ந்தன.

பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள் கோமதி. “அய்யோ, போன வருஷம் எனக்கும் இப்படித்தான். இதுமாதிரி ஒரு ஆன்டிபாடி, எதுல விட்டாலும் ஒட்டும். அழுதே போயிட்டேன், கேட்டோ. உன் கையில தப்பில்ல. சாரமில்ல, விடு.”

குப்பியை ஃப்ரிட்ஜில் வைக்க எடுத்தவள் கோட்டைப் பார்த்துவிட்டாள். “இது எதுக்கு?”

“அளவு தெரியத்தான்,” என்றேன்.

கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அவளுடைய குப்பிகள் எல்லாவற்றிலும் கோடு இருந்தது.