இரண்டு பொட்டு குறைந்த அட்டை

என் வாழ்நாளில் நான் வாங்கிய பொட்டு அட்டை ஒன்றே ஒன்றுதான். அரக்கு நிற வெல்வெட் பொட்டு. பைபிளின் பின்னட்டைக்குள் பல காலமாக இருந்த அதைப் போன வாரம் மருமகள் கண்டுபிடித்துவிட்டாள். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பொட்டு வைத்ததில்லை. இது யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றேன். இரண்டு குறைகிறதே, எங்கே வைத்துக்கொண்டீர்கள் என்றாள். கம்ப்யூட்டருக்கு வைத்தேன் என்றேன். மாமியாரை டாக்டரிடம் காட்டவேண்டுமோ என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

எண்பதுகளில் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு கம்ப்யூட்டர் வந்தது, அதோடு கூடவே ஒரு புரோகிராமரும் வந்தார். வரதய்யபாளையத்துப் பக்கத்துக்காரர். குடும்பம் திருப்பதியில், தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஆபீசில் எல்லோரும் தெலுங்கில் ‘புரோகிராமர்காரு’ என்பார்கள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் சார் என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். எதைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். கேட்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. எனக்கு அதெல்லாம் வேடிக்கையாகவும் இருக்கும், எங்கிருந்துதான் இப்படித் தோன்றுகிறது இந்த மனிதருக்கு என்று குடைச்சலாகவும் இருக்கும்.

இனிமேல் ஜனங்கள் புத்தகம் படிக்க மாட்டார்கள், யாராவது படிக்கக் கேட்பார்கள் என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அதற்குக் காரணமும் வைத்திருந்தார். “பத்திரிகைக்காரங்க வருஷா வருஷம் எழுத்த சின்னதாக்கிக்கினே போறாங்க சிஸ்டர். காயிதம் மிச்சம் புடிக்கிறாங்க. எவன் படிப்பான்?” என்பார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுப் பரணிலிருந்து பழைய வாரப்பத்திரிகை ஒன்றை எடுத்து, புதியதைப் பக்கத்தில் வைத்து, மகனுடைய ஸ்கேலால் அளந்து பார்த்தேன். எழுத்து அதேதான். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. இதைப் போய் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் மனதில் ஒரு மூலையில் அது கிடந்தது.

சாப்ட்வேர் என்றால் அது வாயைத் திறந்து பேச வேண்டும் என்பார். அவர் எழுதிய புரோகிராமில் கணக்குச் சரியாக ஏறினால் ஒரு பீப், தப்பென்றால் இரண்டு பீப். மாம்பழச் சீசனில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். சாயங்காலம் ஐந்து அடித்தால், லோடு எத்தனை காத்துக்கிடந்தாலும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். திமிர் பிடித்த ஆள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அதே ஆட்கள் இன்னொரு விஷயத்தில் அவரை மெச்சவும் செய்தார்கள். விசைப்பலகையில் ஆள்காட்டி விரல்கள் இரண்டும் படிகிற எஃப், ஜே விசைகள் மேல் அவர் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். மெஷினுக்கே பொட்டு வைக்கிற பக்திமான் என்று அட்டெண்டருக்கு அவர்மேல் தனி மரியாதை. அந்தப் பொட்டின் மேல் தட்டித்தட்டி வேலை செய்வது எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

முதலாளிக்குப் புது மெஷின் ஆசை வந்தது. மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஒருவன் கலர் திரையோடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கட்டளை எதையும் தட்ட வேண்டாம். பட்டியல் விரியும், அம்புக்குறியை நகர்த்திப் பொறுக்கிக்கொள்ளலாம். நான் அசந்துபோனேன். புரோகிராமர் முகத்தைச் சுளித்தார். “ஆபரேட்டிங் சிஸ்டம்னா கேட்டதுக்குப் பதில் சொல்லணும் சிஸ்டர். இது இன்னாடான்னா மூஞ்சிக்கு முன்னால கட விரிக்குது” என்றார். முதலாளி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: நாளைக்குப் பழைய மெஷினில் சீசன் கணக்கு முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். முடியாவிட்டால் மெட்ராஸ்காரனின் மெஷினும் அவனுடைய ஆளும்தான். அதாவது புரோகிராமர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மறுநாள் காலை எல்லோரும் சுற்றி நிற்க அவர் தட்ட ஆரம்பித்தார். இரண்டு பீப். மறுபடி தட்டினார், மறுபடி இரண்டு பீப். திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடின. மெஷினுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் விசைகளின் மேல் எதையோ தேடி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. பொட்டு இரண்டையும் காணோம். முதலாளி வருகிறார் என்று அட்டெண்டர் முந்தின நாளே சுத்தமாகத் துடைத்து, பழைய பொட்டைச் சுரண்டி எடுத்திருந்தார். நல்ல நாள் பார்த்துப் புதுசு வைக்கலாம் என்று அவர் எண்ணம். அந்த நிமிஷத்தில் ஸ்கேலும் பத்திரிகையும் எனக்கு ஞாபகம் வந்தன. சின்னதாகிக்கொண்டு வந்தது எழுத்தல்ல.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று முதலாளி எழுந்து போனார். நான் பஜார் தெரு வளையல் கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மாவுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். “உங்க சனங்க வெச்சிக்க மாட்டாங்களேம்மா?” என்றாள். பக்கத்தில் வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள். சாயங்காலத்துக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும் என்று தெரிந்தேதான் அட்டையைக் கையில் வாங்கினேன்.

பிற்பகல் அவர் உட்கார்ந்தார். விரல்கள் விசையில் இறங்கின, ஒரு கணம் நின்றன. “வெல்வெட்டா?” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஆமாம் என்றேன். “முன்ன இருந்தது பிளாஸ்டிக்கு. இதான் நல்லாகீது” என்றார். அப்புறம் வந்ததெல்லாம் ஒற்றை பீப்தான். முதலாளி மனமில்லாமல்தான் தலையாட்டினார். அடுத்த சீசன்வரை பழைய மெஷினே இருக்கட்டும் என்றார்.

எல்லோரும் போனபின் அவரே சொன்னார். பார்வை பக்கவாட்டில் இருட்டிக்கொண்டே வந்து, இப்போது நடுவிலும் மங்குகிறதாம். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாதாம். மருந்து கிடையாது என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்படியானால் பட்டியல், பீப், சின்ன எழுத்து என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அபிப்பிராயம்னா இன்னா சிஸ்டர், அவனவனுக்கு எங்க வலிக்குதோ அங்கேர்ந்து வர்றதுதான்.”

அடுத்த சீசன் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து திரையை மெல்லிய குரலில் படித்துச் சொன்னேன். அதன்பின் அவர் வேலையை விட்டு வரதய்யபாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் பெயரில் வாழ்த்து அட்டை வந்தது, கையெழுத்து வேறு யாருடையதோ. அவ்வளவுதான் தெரியும். சபையில் பொட்டு விஷயம் கொஞ்ச காலம் பேசப்பட்டு ஓய்ந்தது.

இப்போது என் மகன் புத்தகத்தைக் காதில் மாட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறான். புரோகிராமர் சொன்னது பலித்துவிட்டதே என்று பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நேற்று அவனிடம் என் போனை நீட்டி, “இந்தப் போன்காரங்க வருஷா வருஷம் எழுத்த சின்னதாக்கிக்கினே போறாங்கடா” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

நான் உள்ளே போய் பைபிளைத் திறந்து அட்டையை எடுத்தேன். பொட்டில் பசை எப்போதோ காய்ந்துபோயிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, போனின் பின்பக்கம், ஓரத்துப் பொத்தானுக்கு நேராக ஒன்றை ஒட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடிப் பார்த்தேன். தட்டுப்பட்டது.