மேனிபோல்டில் நான் போட்ட ஓட்டை

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பஸ்களெல்லாம் கரி வண்டிகளாக மாறின. வண்டியின் பின்பக்கம் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் இன்ஜினை ஓட்டுவார்கள். நான் அப்போது சிம்மக்கல்லில் ஒரு பஸ் முதலாளியின் கொட்டகையில் பிட்டர். இருபத்தாறு வயது. இந்த மாற்று வேலைக்கு மதுரையில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

கரிவாயுவுக்குப் பெட்ரோலின் வலு கிடையாது. அதனால் வாயு இன்ஜினுக்குள் போகிற வார்ப்பிரும்புக் குழாயை உள்ளே அராவி அகலப்படுத்த வேண்டும். மேனிபோல்டு என்போம். வாடிப்பட்டிக்கு ஓடிய பழைய வண்டியில் அந்த வேலையைச் செய்தபோது, போதுமான அளவு வந்த பிறகும் என் கெட்டிக்காரத்தனம் விடவில்லை. ஒரு பக்கம் வார்ப்பு மெலிசாக இருந்ததைப் பார்க்காமல் இன்னும் அராவினேன். அரம் பொத்துக்கொண்டு வெளியே வந்தது.

பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கலாம். அதற்கு வேறு பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டும். நான் ஓட்டை போட்ட கதை பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிடும். தச்சர்கள் பூசுகிற மக்குப் பசையை வைத்து அடைத்து, மேலே கறுப்பு வர்ணம் அடித்து மாட்டிவிட்டேன்.

நாலே நாளில் சூட்டில் மக்கு உதிர்ந்தது. ஓட்டை வழியே காற்று புகுந்து வாயுவின் வலுவைக் கெடுத்தது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு நிற்கும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அடுப்பைக் கிண்டிக் கிண்டி அவர் கையெல்லாம் கொப்புளம். அவருக்கு நெருப்புப் போடத் தெரியவில்லை என்று முதலாளி முடிவு கட்டினார். என்னைக் கேட்டபோது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. புது டிரைவர் ஓட்டும்போதும் வண்டி நின்றால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே. மேனிபோல்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, என்னைத் தெரியாத ஒரு பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் வண்டி பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. எல்லாம் ஓட்டுகிற ஆளைப் பொறுத்தது என்று முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைவீதியில் அந்த டிரைவரைப் பார்த்தேன். வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் சந்துக்குள் நுழையப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார். வண்டி இப்போது எப்படிப் போகிறது என்றுதான் முதலில் கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன்.

“மொதலாளி மேல வருத்தமில்ல தம்பி. அதே வண்டி, அதே கரி. கோளாறு எங்கிட்டதான் இருந்துருக்கு. இம்புட்டு வருசம் ஓட்டியும் எனக்குத் தொழில் தெரியலன்னு நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. யாரும் பக்கத்தில் இல்லை. அவர் என்னைத் திட்டக்கூட மாட்டார் என்று தெரியும்.

“மனசுல வச்சுக்காதீங்கண்ணே. எல்லாருக்கும் நடக்குறதுதான்” என்றேன். தப்புச் செய்தவரை மன்னித்து அனுப்புகிறவன் மாதிரி, அவர் தோளில் கையும் வைத்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி தம்பி” என்றார்.