மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர்

விவாகரத்து முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் மாமனாரிடமிருந்து அவனுக்குப் போன் வருவது நிற்கவில்லை. அவன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். "மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் மறுபடி படுத்துக்கிச்சு" என்பார் மாமனார். மகள் இவனைப் பிரிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. கம்ப்யூட்டர் என்றால் மாப்பிள்ளை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று அவன் உடம்பில் தெம்பே இல்லை. கல்லூரியில் அட்மிஷன் சமயம். காலையிலிருந்து மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து ஒயர்களைச் சொருகிச் சொருகி இடுப்பு விட்டுப்போயிருந்தது. 'இனிமே கடையில குடுத்துப் பாத்துக்குங்க மாமா' என்று சொல்லிவிட வேண்டும் என பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தான். ஆனால் கதவைத் திறந்த மாமனார், "வாங்க வாங்க, நல்லவேளை உங்க அத்தை கடைக்குப் போயிருக்கா" என்று கிசுகிசுத்ததும் அந்தப் பேச்சை எடுக்காமலே உள்ளே போனான்.

மனைவிக்குத் தெரியாமல்தான் கூப்பிட்டிருக்கிறார். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் அத்தையுடையது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மாலையில் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். கொஞ்ச நாளாகப் பாடத்தின் நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. மறுபடி அதற்கு உயிர் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

ஆன் செய்தான். திரை வருவதற்குள் மாமனார் டீயே போட்டு எடுத்து வந்துவிட்டார். வந்த பிறகும் எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றியது. உள்ளே வைரஸைப் பிடிக்கும் மென்பொருட்கள் மூன்று இருந்தன.

"இது மூணையும் யார் மாமா போட்டது?"

"நான்தான். ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிச்சிடும்ல?"

"ஒரு வீட்டுக்கு மூணு வாட்ச்மேன். மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் திருடன்னு சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. அப்புறம் எங்க வேலை நடக்கும்?"

மாமனார் குலுங்கிச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டை நீக்கியதும் வேகம் லேசாகக் கூடியது. ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மொத்தமாக அணைந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, திருகுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அத்தை பையோடு உள்ளே வந்தார்.

"யார் கூப்பிட்டது?"

மாமனார் சுவரைப் பார்த்தார். "நான்தான். சும்மா, ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டும்னு..."

அத்தை கணவரை முறைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "பிரிச்சாச்சா தம்பி?"

வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். தம்பி என்று காய் விற்கிறவரையும்தான் கூப்பிடுவார். அவனுக்கு அது உறைத்தது. ஆனால் அதற்காகச் சண்டை பிடிக்க அவனிடம் எந்த உரிமையும் இல்லை.

"பிரிச்சிட்டேன் அத்தை. எப்பெப்ப அணையுது?"

கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அத்தை டீச்சரானார். "பாட்டு கேட்டா ஒண்ணும் ஆகாது. டைப் பண்ணாலும் ஆகாது. கேமராவப் போட்டுப் பாடம் எடுத்தாதான் அணையுது. ஜன்னலத் திறந்து வச்சா கொஞ்சம் தாங்குது."

"அப்ப சூடுதான்."

ப்ராசஸர் மேலிருந்த குட்டி ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பெயிண்ட் பிரஷால் சுரண்டி எடுத்தான். சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்த ட்யூபிலிருந்து புதுப் பசை வைத்தான். அத்தை டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்.

அணைவது நின்றது. ஆனால் ஆமை வேகம் மாறவில்லை. சும்மா இருக்கும்போதும் ஹார்டு டிஸ்க் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சோதித்ததில் பல இடங்களில் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது.

"இது ரொம்ப நாள் தாங்காது அத்தை. வேற டிஸ்க் போட்டு, உள்ள இருக்கறத அப்படியே மாத்திடலாம். நாளைக்கு வரேன்."

தன் வாயே அப்படிச் சொன்னதைக் கேட்டு அவனுக்கு அலுப்பாக இருந்தது.

மறுநாள் புது டிஸ்க்கோடு போனான். நகல் எடுக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனது. கெட்ட இடம் வரும்போதெல்லாம் நின்று, திணறி, மறுபடி நகர்ந்தது. நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது அத்தை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம் அத்தை."

"அவ மேல இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

இந்த அளவுக்குக்கூட இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. திரையைப் பார்த்தான். நகல் முடிந்திருந்தது. புது டிஸ்க்கில் கம்ப்யூட்டர் உடனே எழுந்தது. உள்ளே நுழைவதற்கு மூன்று பெயர்கள் தெரிந்தன: மாமா, அத்தை, அப்புறம் அவன். கல்யாணமான புதிதில் இங்கே வந்து தங்கும்போது வேலை பார்ப்பதற்காக அவனே வைத்துக்கொண்டது.

"என் பேர எடுத்துடவா அத்தை?"

"இடத்த அடைக்குதா?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

அன்று மாலைப் பாடம் தடங்கல் இல்லாமல் நடந்தது. பாதி திறந்த கதவு வழியாக, பின்னங்களைக் கூட்ட அத்தை பொறுமையாகச் சொல்லித் தருவது கேட்டது. அவன் அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். மாமனார் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போன்கள் வந்தன. பிரிண்டர் பேப்பரை மென்று தின்கிறது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று. ஒரு சனிக்கிழமை ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்ட மாமனார், நடுவில் குரலைத் தாழ்த்தி, மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைச் சொன்னார்.

அவன், "நல்லா இருக்கட்டும் மாமா. ஒயர் பச்சை ஓட்டையில இருக்கான்னு பாருங்க" என்றான். சொருகிப் பார்த்தார். சத்தம் வந்துவிட்டது.

அடுத்த முறை அவனே போன் செய்து, பழுது பார்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்தான். நன்றாக வேலை தெரிந்தவள், வீட்டுக்கே வருவாள் என்றான். மாமனார் இழுத்தார். அத்தை போனை வாங்கி நம்பரைக் குறித்துக்கொண்டார். "அதுதான் சரி" என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. மதியம் வரை தூங்குகிறான். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.