மூடியின் மேல் தடித்த எழுத்து

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். கல்லுக்காட்டில் ஏர் பிடித்த கை இது, பொறுத்துப் படியுங்கள். வாணியம்பாடி ஷமீம் அம்மா இறந்துவிட்டார். நம் ஊரில் சாமையின் உமி நீக்கும் இயந்திரத்துக்கு, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து, அதை இயக்கும் விதம் சொல்லும் குறிப்புப் புத்தகம் செய்து கொடுத்தவர். காலைப் பஸ் கண்டக்டர்தான் செய்தி சொன்னார். என் மருமகள் செல்வி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள்.

முதியோர் வகுப்பில் என்னோடு எழுத்துக்கூட்டியவர்களுக்கு அவர் முதலில் வந்த நாள் நினைவிருக்கும். ஒரே வாசகத்தை விதவிதமான எழுத்துருக்களில் அடித்து எடுத்து வந்திருந்தார். ஒன்று குண்டாக, ஒன்று ஒடிசலாக, ஒன்று காற்றில் சாய்ந்த கதிர்போல. அதுவரை ‘அ’ என்றால் உலகம் முழுக்க ஒரே ‘அ’ என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. எல்லோரும் சாய்ந்த எழுத்தைத்தான் கேட்டோம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றாள் செல்வி.

“இதப் பாத்து யாரும் மொய் வைக்கப் போறதில்லம்மா. பெரியவரே, நீங்க படிச்சுக் காட்டுங்க,” என்றார் அம்மா.

படித்தேன். “மூடியைத் திறக்கவும். அடைப்பை எடுக்கவும்.”

“நடுவுல ஒரு வரிய வுட்டுட்டீங்களே.”

“அது டீச்சருக்கும்மா.”

அவருக்குப் புரியவில்லை. நம் பாடப்புத்தகத்தைக் காட்டினேன். அதில் தடித்த வரி நாம் படிப்பது. அடியில் இருக்கும் மெல்லிய வரி டீச்சருக்கான குறிப்பு. நாம் அப்படித்தானே பழகினோம்? அவர் தாளில் நான் தாண்டிப்போன மெல்லிய வரி இது: ‘சக்கரம் முழுவதும் நின்ற பிறகே திறக்க வேண்டும்.’

அம்மா சிரிக்கவில்லை. செல்வியின் கைகளையே பார்த்தார். “இது இப்படியே அச்சாயிருந்தா, இந்தக் கை இன்னா ஆயிருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு பாடப்புத்தகத்தை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ‘ழ’வின் வாலையும் ‘கு’வின் வளைவையும் பார்த்தார். தூரத்தில் வருபவரை நடையை வைத்தே இன்னார் என்போமே, அப்படி அந்த எழுத்துருவின் பெயரைச் சொன்னார். நம் கண்ணுக்குப் பழகியது அதுதான் என்றும், அதிலேயே கோத்துவிடுவதாகவும் சொன்னார். எழுத்தின் உருவத்துக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் வியந்துகொண்டிருந்தேன்.

அவர் திரும்பக் கொண்டுவந்த புத்தகத்தில் சக்கரம் நிற்கும் வரிதான் முதலில் இருந்தது, தடித்து. அதையே தனியாக அடித்து மூடியின் மேலும் ஒட்டினார். சாமை அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் செல்வி அதை வாய்விட்டுப் படித்த பிறகே மூடியைத் தொடுவாள். செய்தி வந்த அன்று, பாதியில் நிறுத்தியதில் சாமை அடைத்துக்கொண்டது. அன்றும் படித்தாள். சக்கரம் நின்ற பிறகு கையை வைத்தாள். அந்தக் கை முழுசாக இருக்கிறது.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறும்போது அம்மா என்னிடம் சொன்னது: “மெல்லிசா இருக்கறதும் உங்களுக்குத்தாங்க. வுட்றாதீங்க.” அதைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைக்கூட இப்போது விடுவதில்லை. அடுத்த வாரம் அவர் மகளுக்கு எழுத உட்காருவேன், மெல்லிய வரியையும் நான் படிக்கிறேன் என்று.